காசைக் கதவில் போடு

அன்புள்ள கதிருக்கு,

நீ கேட்டதற்குப் பதில் வாட்ஸ்அப்பில் அடங்காது, அதனால்தான் கடிதம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஸ்விஃப்டில் கம்பெனி ஸ்டீரியோவைக் கழற்றிவிட்டு ஒன்பது அங்குல ஆண்ட்ராய்டு திரை போடலாமா, கையில் 12,000 ரூபாய் இருக்கிறது என்கிறாய். தாராளமாகப் போடலாம். மேப் பெரிதாகத் தெரியும், ரிவர்ஸ் கேமரா தெரியும். பாட்டு மட்டும் இப்போது கேட்பது போலவேதான் கேட்கும். சத்தம் பிறக்கும் இடம் திரை அல்ல, கதவு. உன் காசில் பெரும்பங்கு கதவுக்குத்தான் போக வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் அந்த வாட்ஸ் விவகாரம். கடையில் எந்த ஸ்டீரியோவை எடுத்தாலும் அட்டைப்பெட்டியில் '50 வாட்ஸ் × 4' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். நீ டூல் டிசைன் படிக்கிற பையன், கணக்கைப் போட்டுப் பார். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் சுமார் 14.4 வோல்ட் இருக்கும். ஸ்பீக்கர் 4 ஓம். 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 52. அந்த 50 வாட்ஸ் வந்த வழி இதுதான். அலையின் தலையும் காலும் வெட்டுப்பட்டு, பாட்டு வெறும் கரகரப்பாக ஆகிவிட்ட நிலையில் கிடைக்கிற எண் அது. சிதையாமல் கேட்கிற அளவில் சானலுக்கு 18, 20 வாட்ஸ் தேறினாலே பெரிது. உன் கம்பெனி ஸ்டீரியோவுக்கும் அதே 14.4 வோல்ட்தான், அதே 4 ஓம்தான். வெளியில் 8,000 ரூபாய் கொடுத்து வாங்கும் திரைக்கும் அதேதான். வோல்டேஜை உள்ளுக்குள் உயர்த்திக்கொள்ளும் தனி ஆம்ப் வைத்தால்தான் இந்த வரம்பைத் தாண்ட முடியும். அதற்கு உன் பட்ஜெட்டில் இப்போது இடமில்லை, அவசியமும் இல்லை.

பழைய ஸ்டீரியோவை விட்டுவைப்பதில் வேறு லாபங்களும் உண்டு. ஸ்டியரிங்கில் உள்ள பட்டன்கள் அப்படியே வேலை செய்யும். டேஷ்போர்டுக்கு ஃபிரேம், கப்ளர், ஸ்டியரிங் அடாப்டர் என்று தனித்தனியாகக் காசு போகாது. ஹைதராபாத்தின் மே மாத வெயிலில் நாள் முழுக்க வெளியே நிற்கிற வண்டிக்குள் விலை மலிந்த ஆண்ட்ராய்டு பெட்டிகள் சூடேறித் திணறுகிற தொல்லையும் இருக்காது.

ப்ளூடூத் இல்லையே என்பாய். ஆக்ஸ் துளையில் சொருகுகிற ப்ளூடூத் ரிசீவர் ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். எஃப்எம் அலைவரிசையில் பாட்டை அனுப்பும் சிகரெட் லைட்டர் கருவியை மட்டும் வாங்காதே. எஃப்எம் ஒலிபரப்பு 15 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும், அதோடு நகரத்து வானில் ஸ்டேஷன்களுக்கு நடுவே காலி இடம் தேடி அலைய வேண்டும். இருப்பதிலேயே நல்ல வழி பென் டிரைவ். அங்கே எஃப்எம்மைத் திருப்பினால் தெலுங்கும் இந்தியும்தானே வரும்? நல்ல தரத்தில் இறக்கிய தமிழ்ப் பாட்டுகளை ஒரு பென் டிரைவில் போட்டு நிரந்தரமாகச் செருகி வைத்துவிடு. போனுக்கு வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்த பாட்டை வைத்துக்கொண்டு ஸ்பீக்கரைக் குறை சொல்லக் கூடாது.

இனி கதவுக்கு வருவோம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படி.

ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் தள்ளும்போது எவ்வளவு காற்றைத் தள்ளுகிறதோ, அதே நேரத்தில் பின்பக்கம் அவ்வளவு காற்றை இழுக்கிறது. முன்பக்க அலையும் பின்பக்க அலையும் நேர் எதிரானவை. இரண்டும் சந்தித்தால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர். அவ்வளவு நீள அலைக்குக் கதவின் ஓட்டையைச் சுற்றி வளைந்து வருவது ஒரு பொருட்டே இல்லை. உன் கதவின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றிப் பார்த்தால் உள்தகட்டில் கை நுழைகிற அளவுக்குப் பெரிய துளைகள் இருக்கும். கண்ணாடி மோட்டாரைப் பழுது பார்க்க விட்டவை. அவற்றின் மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும், அது எந்த அலையையும் தடுக்காது. 'பேஸே இல்லை மாமா' என்று நீ புலம்புவதற்குக் காரணம் ஸ்பீக்கர் அல்ல, இந்தத் துளைகள்தான்.

அடுத்த கோளாறு வெளித்தகடு. விரல் முட்டியால் தட்டிப் பார், தகர டப்பா போல 'டங்' என்று நீண்டு ஒலிக்கும். ஸ்பீக்கர் அதிரும்போதெல்லாம் இந்தத் தகடும் தன் பாட்டைப் பாடுகிறது. அதை அடக்க டாம்பிங் ஷீட் வேண்டும். ஒருபுறம் அலுமினியத் தாளும் மறுபுறம் பிசின் போன்ற பியூட்டைல் ரப்பரும் உள்ளதாகப் பார்த்து வாங்கு. தார் கலந்த மலிவு ஷீட்டும் அதே தோற்றத்தில் கிடைக்கும். கோடையில் இளகி வழியும், வண்டி முழுக்கத் தார் நாற்றம் அடிக்கும். முகர்ந்து பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.

ஷீட்டை வெளித்தகடு முழுவதும் ஒட்டிக் காசைக் கரைக்காதே. தட்டினால் எங்கே அதிகம் ஒலிக்கிறதோ அங்கே, ஸ்பீக்கருக்கு நேர் பின்னாலும் சேர்த்து, கால்வாசிப் பரப்பு ஒட்டினாலே போதும். தகட்டை மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்காதே, எண்ணெய்ப் பசை மிச்சம் நிற்கும். ஸ்பிரிட் போட்டுத் துடை. ஒட்டிய பிறகு ரோலரால் அழுத்தித் தேய். ஒரு சொட்டுக் காற்றும் உள்ளே தங்கக் கூடாது. மிச்ச ஷீட் உள்தகட்டின் துளைகளை மூடத்தான். பெரிய துளைகளுக்கு ஷீட் மட்டும் தாங்காது, தொய்ந்து படபடக்கும். ஒரு மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டை அளவாக வெட்டி ஸ்குரு போட்டு, அதன் மேல் ஷீட்டை ஒட்டு. ஸ்குருவின் முனை கண்ணாடி ஏறி இறங்கும் பாதைக்குள் நீளாமல் பார்த்துக்கொள். கதவின் அடிவிளிம்பில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும், அவற்றை மட்டும் மூடவே கூடாது. மழைநீர் கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கி அந்த வழியாகத்தான் வெளியேறுகிறது. மூடினால் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

இங்கேதான் நீ இருக்கும் ஊர் உனக்குக் கை கொடுக்கிறது. புது ஸ்பீக்கரை நேராகக் கதவுத் தகட்டில் மாட்ட முடியாது. காந்தம் கண்ணாடியில் இடிக்கும், திருகுத் துளையும் பொருந்தாது. நடுவே ஒரு வளையம் வேண்டும். கடைக்காரர்கள் எம்டிஎஃப் பலகையில் வெட்டிக் கொடுப்பார்கள், ஒரு மழைக்காலத்தில் ஊறி உப்பிவிடும். ஹைதராபாத் பாலாநகரில் திரும்பிய பக்கமெல்லாம் லேத் பட்டறை. 12 மில்லிமீட்டர் தடிமனில் ஹெச்டிபிஇ பிளாஸ்டிக், காய் நறுக்கும் வெள்ளைப் பலகை செய்கிறார்களே அது, அல்லது அலுமினியத் துண்டு வாங்கி, உள்விட்டம், வெளிவிட்டம், நான்கு துளை என்று ஒரு படம் வரைந்து கொடு. கச்சிதமாகக் கடைந்து தருவார்கள். இந்தியாவுக்கே டூல் டிசைன் சொல்லிக் கொடுக்க 1968-இல் தொடங்கிய நிறுவனத்தில் படிக்கிறாய். விமானத்துக்கு ரேடியோவும் ஆல்ட்டிமீட்டரும் செய்யும் ஹெச்ஏஎல் பிரிவு 1965 முதல் அதே பாலாநகரில் இருக்கிறது. அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு கார் ரேடியோவுக்குச் சென்னையிலிருக்கும் என்னிடம் யோசனை கேட்கிறாய்!

வளையத்துக்கும் தகட்டுக்கும் நடுவே ரப்பர் ஃபோம் பட்டை வைத்து இறுக்கு. ஸ்பீக்கரின் முகத்துக்கும் கதவு உறைக்கும் இடையில் இன்னொரு பட்டை. இல்லையென்றால் பாதி ஒலி உறைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

ஸ்பீக்கர் எதை வாங்குவது? முன் கதவுகளுக்கு மட்டும் ஆறரை அங்குல காம்பொனென்ட் செட், அதாவது வூஃபர் தனி, ட்வீட்டர் தனி. ட்வீட்டரைக் கண்ணாடி முக்கோணத்திலோ முன் தூணிலோ வைத்தால் பாடுகிறவர் உன் முழங்காலிலிருந்து எழுந்து முன்கண்ணாடிக்கு நேரே வந்து நிற்பார். பின் கதவு ஸ்பீக்கர்கள் அப்படியே இருக்கட்டும், பின்னால் உட்கார உனக்கு யார் இருக்கிறார்கள்? பெட்டியில் 'மேக்ஸ் 300 வாட்ஸ்' என்று இருப்பதைப் படிக்காதே, 'சென்சிட்டிவிட்டி' என்ற எண்ணைத் தேடு. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்பது அது. 90 உள்ள ஸ்பீக்கர் 20 வாட்ஸில் தரும் ஒலியை 87 உள்ளது தர 40 வாட்ஸ் வேண்டும். உன் ஸ்டீரியோவிடம் அது கிடையாது. 4 ஓம் தவிர வேறு வேண்டாம். கூம்பு பாலிபுரொப்பிலீனாகவும் அதைச் சுற்றியுள்ள விளிம்பு ரப்பராகவும் இருக்கட்டும். ஃபோம் விளிம்பு ஈரத்திலும் சூட்டிலும் சில வருடங்களில் பொடிந்துவிடும்.

செலவை இப்படிப் பிரித்துக்கொள்: ஸ்பீக்கருக்கு ஐயாயிரத்து ஐந்நூறு, ஷீட்டுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு, வளையம், வயர், கிளிப் வகையில் ஆயிரம், ப்ளூடூத்துக்கு ஆயிரம். இரண்டாயிரம் மிச்சம், அதைத் தொடாதே. வயர், கனெக்டர், டெர்மினலெல்லாம் கோட்டியில் குஜராத்தி கல்லியில் வாங்கு. லீவுக்குச் சென்னை வந்தால் ஸ்பீக்கரை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் நாலு கடை ஏறி இறங்கி விலை கேட்கலாம். புதுப்பேட்டையில் உன் மாடலின் உயர்ந்த வகையில் வந்த கம்பெனி ட்வீட்டர் அளவாகக் கிடைத்தாலும் கிடைக்கும். அங்கே வாங்கினால் கையோடு வாசித்துக் காட்டச் சொல்.

மாட்டும்போது பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு ஆரம்பி. மஞ்சள் நிறக் கப்ளர் எதையாவது பார்த்தால் கையை எடுத்துவிடு. அது ஏர்பேக் வயர், மீட்டர் முனைகூட அதன் மேல் படக் கூடாது. கம்பெனி வயரை வெட்டாதே, பொருந்துகிற கப்ளர் வாங்கிச் செருகு. வண்டியை விற்கும் நாளில் பழையதை மாட்டிவிட்டு ஸ்பீக்கரை உன்னோடு எடுத்துக்கொண்டு போகலாம். எந்த முனை பாசிட்டிவ் என்று சந்தேகம் வந்தால் ஒன்றரை வோல்ட் பென்சில் பேட்டரியை ஒரு நொடி தொடு. கூம்பு வெளியே தள்ளினால் பேட்டரியின் பாசிட்டிவ் தொட்ட முனைதான் பாசிட்டிவ். ஒரு கதவில் மட்டும் இது மாறிப்போனால் பேஸ் மாயமாகிவிடும். அடைத்த துளை, ஒட்டிய ஷீட் எல்லாம் வீண்.

எல்லாம் முடிந்ததும் ட்ரெபிள், பேஸ், லவுட்னெஸ் மூன்றையும் பூஜ்யத்தில் வை. பேஸை 6 டெசிபல் ஏற்றினால் அந்தப் பகுதிக்கு மட்டும் நாலு மடங்கு பவர் தேவைப்படும். இருக்கிற 20 வாட்ஸை அது விழுங்கிவிடும். ஃபேடரைக் கொஞ்சம் முன்பக்கம் தள்ளு. போனின் வால்யூமை முழுசுக்குக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டு ஸ்டீரியோவில் கூட்டிக் குறை.

பரீட்சைக்கு ஜானகியம்மா பாட்டு ஒன்று போடு. அவர் 'ச', 'ஸ' சொல்லும்போது காதில் ஊசி ஏறினால் ட்வீட்டரைத் திருப்பி வை. பிறகு எண்பதுகளின் இளையராஜா பாட்டு, பேஸ் கிடார் எடுப்பாக நடக்கிறதாகப் பார்த்து. அந்தக் கிடாரின் கனத்த தந்தி 41 ஹெர்ட்ஸ் வரை இறங்கும், உன் ஆறரை அங்குலம் அவ்வளவு ஆழம் போகாது. கவலைப்படாதே, மேற்சுரங்களைக் கேட்டே அடிச்சுரத்தைக் காது இட்டு நிரப்பிக்கொள்ளும். ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக நடக்கிறதா என்று மட்டும் கவனி. எல்லாச் சுரத்துக்கும் ஒரே 'தும்' வந்தால் கதவில் எங்கோ இன்னும் ஓட்டை இருக்கிறது. ஏதாவது கிடுகிடுத்தால் கதவு உறையை உள்ளங்கையால் அங்கங்கே அழுத்திப் பார். சத்தம் நிற்கிற இடத்தில்தான் கிளிப் தளர்ந்திருக்கும்.

நண்பர்கள் சப் வூஃபர் வை என்பார்கள். முதல் மூன்று மாதம் வேண்டாம். வண்டி ஓடும்போது டயர் சத்தம்தான் ஆழமான பேஸை மூடுகிறது, டாம்பிங் செய்ததில் அதுவே கொஞ்சம் குறையும். பிறகும் போதவில்லை என்றால் அந்த மிச்ச இரண்டாயிரத்தோடு சேர்த்துச் சின்ன ஆம்ப் ஒன்று பார்க்கலாம். 1930-இல் அமெரிக்காவில் கால்வின் சகோதரர்கள் மோட்டோரோலா கார் ரேடியோவை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அவர்களைப் படுத்திய பெரிய தொல்லை இன்ஜினின் மின் இரைச்சல் ரேடியோவுக்குள் புகுந்ததுதான். ஆம்ப் வைத்தால் அந்தத் தொல்லை இன்றும் வரும். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஏறுகிற ஒரு விசில். அப்போது எழுது, பவர் வயர் ஒரு பக்கமும் சிக்னல் வயர் மறுபக்கமும் எப்படி இழுப்பது என்று சொல்கிறேன்.

வால்யூம் விஷயத்தில் உங்கம்மா சொல்லச் சொன்னது: 85 டெசிபலில் எட்டு மணி நேரம் காது தாங்கும் என்றால் 88-இல் நாலு மணி நேரம்தான், 91-இல் இரண்டு. மேம்பாலத்தில் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டும்போது பின்னால் வரும் ஆம்புலன்ஸ் சத்தம் உனக்குக் கேட்க வேண்டும்.

கடைக்குப் போகும் முன் ஒரு வேலை. வலது கதவு உறையைக் கழற்றி, கண்ணாடியை முழுக்கக் கீழே இறக்கிவிட்டு, ஸ்பீக்கர் துளையின் விட்டத்தையும் தகட்டிலிருந்து கண்ணாடி வரையுள்ள ஆழத்தையும் வெர்னியரால் அளந்து எனக்கு அனுப்பு. கண்ணாடி ஏறியிருக்கும்போது அளந்து அனுப்பாதே, அந்த அளவு பொய்.

அன்புடன்,
மாமா