சோழன் தலைகொண்ட வீரபாண்டியன்: கல்லிலும் கதையிலும்

இங்கிலாந்தை ஆண்ட மூன்றாம் ரிச்சர்டு என்றவுடன் நம் மனக்கண்முன் வந்து நிற்பவன் ஷேக்ஸ்பியர் படைத்த கூனன். 1485இல் பாஸ்வொர்த் போர்க்களத்தில் அவனை வீழ்த்தியவனின் பேத்தி அரியணையில் வீற்றிருந்த காலத்தில் எழுந்த நாடகம் அது. 2012இல் லெஸ்டர் நகரில் ஒரு கார் நிறுத்துமிடத்தின் அடியில் அவனுடைய எலும்புக்கூடு கிடைத்தது. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது உண்மை. நாடகம் காட்டிய கூன் மட்டும் இல்லை! அவனுக்காவது எலும்பு சாட்சி சொன்னது. நம் மதுரை மண்ணின் வீரபாண்டியனுக்குக் கல்வெட்டைத் தவிர வேறு சாட்சி இல்லை.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. 2022இலும் 2023இலும் திரைப்படமாகவும் வந்துவிட்டது. அதில் வீரபாண்டியன் யார்? காயம்பட்டுக் குடிசையில் கிடப்பவன். நந்தினி காலில் விழுந்து கெஞ்சியும் ஆதித்த கரிகாலனால் தலை துணிக்கப்படுபவன். நெஞ்சை உருக்கும் காட்சிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் குடிசைக்கு முன்பும் அவனுக்கு ஒரு வாழ்வு இருந்ததல்லவா?

முதற் பராந்தகன் 'மதுரை கொண்ட' என்று பட்டம் புனைந்தான். பாண்டியன் இராசசிம்மன் முடியையும் அணிகளையும் இலங்கையில் விட்டுவிட்டுச் சேரநாடு சென்றான். நாடிழந்த அம்மன்னனின் மகன் என்று கருதப்படுபவனே வீரபாண்டியன். 949இல் தக்கோலத்தில் இராட்டிரகூடரிடம் சோழர் தோற்று, இளவரசன் இராசாதித்தனும் மாண்டபின், பாண்டிநாடு மீண்டும் தலைநிமிர்ந்தது. சுசீந்திரம், அம்பாசமுத்திரம், திருச்சுழியை அடுத்த பள்ளிமடம் ஆகிய ஊர்களின் கல்வெட்டுகள் இவனைச் 'சோழன் தலைகொண்ட வீரபாண்டியன்' என்றே அழைக்கின்றன. எந்தச் சோழன் என்று அவை சொல்லவில்லை. அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

இங்கேதான் வேடிக்கை. ஆதித்த கரிகாலனின் கல்வெட்டுகள் அவனை 'வீரபாண்டியன் தலைகொண்ட' என்கின்றன. தொண்டைநாட்டில் பார்த்திவேந்திரன் என்பானும் அதே பட்டத்தைச் சூடியிருக்கிறான். இருவரும் ஒருவரே என்பாரும் உளர். இல்லையெனில், ஒரு தலையை இருவர் கொண்டது எப்படி? ஆனைமங்கலச் செப்பேடு, மதயானையோடு சிங்கக்குட்டி விளையாடியதுபோல் ஆதித்தன் வீரபாண்டியனோடு போர் விளையாடினான் என்ற அளவில் நின்றுவிடுகிறது. திருவாலங்காட்டுச் செப்பேடோ, பாண்டியனைக் கொன்று அவன் தலையை வெற்றித் தூணாக நாட்டினான் என்கிறது. அது சம்பவம் நடந்து ஏறத்தாழ 50 ஆண்டுகளுக்குப்பின் வெற்றி பெற்ற குலத்தார் பொறித்தது. 'தலைகொள்ளுதல்' என்பது பணியவைத்தலையும் குறிக்கலாம் என்று கருதும் ஆய்வாளரும் உண்டு. அறிவியல் மாணவனாகிய எனக்கு, ஆனைமங்கலத்தின் அடக்கமான கூற்றே நம்பத்தக்கதாகப் படுகிறது.

பழிவாங்கும் சதிக் கதைக்கு என்ன சான்று? காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டுத்தான். முதலாம் இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அது, 'பாண்டியன் தலைகொண்ட கரிகாலச் சோழனைக்' கொன்ற துரோகிகளின் நிலம் பறிமுதலாகி விலைபோனதைப் பேசுகிறது. சோமன், இரவிதாசன், பரமேசுவரன் என்று பெயர்களும் உள்ளன. இரவிதாசன் 'பஞ்சவன் பிரமாதிராசன்' என்னும் பட்டமுடையவன். பஞ்சவன் என்பது பாண்டியனின் பெயராதலால், பாண்டியனுக்காகப் பழிதீர்த்தவன் அவன் என்று ஊகிக்க இடமுண்டு. ஆனால் அவனுடைய உடன்பிறந்தானாகிய பரமேசுவரனின் பட்டம் 'இருமுடிசோழப் பிரமாதிராசன்'! பட்டத்தைக் கொண்டு பக்கத்தை முடிவு செய்தால், ஒரே வீட்டில் பாண்டியனும் சோழனும் குடியிருந்ததாக அல்லவா ஆகும்? கொலைக்கான காரணத்தைப் பற்றிக் கல்வெட்டில் ஒரு சொல்கூட இல்லை. ஆபத்துதவிகளின் சபதமும் மீன் சின்னம் பொறித்த வாளும் நந்தினியும் அந்த மௌனத்தில் கல்கியின் கற்பனை கட்டிய மாளிகை.

கல்கியைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவர் நாவல்தான் எழுதினார்; அதைச் சரித்திரமாக்கிக் கொண்டவர்கள் நாம். தஞ்சைக்குச் சென்று வந்தியத்தேவனைத் தேடும் நண்பர்கள் பள்ளிமடத்தையும் ஒருமுறை எட்டிப் பார்க்கலாம். மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாக ஒரே நாளில் போய்வரலாம். அங்கே அவன் தலையிழந்தவன் அல்லன், தலைகொண்டவன்.