தீயிலும் வகுப்புகள் உண்டு

'தீ' என்றதும் 'தண்ணீர், தண்ணீர்' என்று கூவுவது நம் வழக்கம். வைக்கோற்போர் பற்றினாலும் கூரை பற்றினாலும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பழகியவர்கள் நாம். சமையலறையில் இந்தப் பழக்கமே சில வேளைகளில் உயிருக்கு உலை வைத்துவிடும்.

நமக்கு வகுப்புகள் இருப்பதுபோல் தீக்கும் வகுப்புகள் உண்டு. எரியும் பொருளை வைத்தே அவற்றைப் பிரித்திருக்கிறார்கள். நம் நாட்டு முறைப்படி மரம், துணி, காகிதம் ஆகியவை எரிந்தால் 'ஏ' வகுப்பு. இதற்குத் தண்ணீர் போதும். பெட்ரோல், மண்ணெண்ணெய் போன்ற திரவங்கள் 'பி'. எரிவாயு 'சி'. மக்னீசியம், சோடியம் முதலிய உலோகங்கள் 'டி'. (சோடியத்தைத் தண்ணீரில் இட்டால் என்ன ஆகும் என்று வேதியியல் பயிலும் அக்காமாரைக் கேளுங்கள்!) சமையல் எண்ணெயின் தீ தனிக்குணம் படைத்தது. ஆகவே ஐரோப்பாவில் 'எஃப்' என்றும் அமெரிக்காவில் 'கே' என்றும் அதற்குத் தனி வகுப்பே கொடுத்துள்ளனர்.

அதன் குணத்தைச் சற்று விரிவாகப் பார்ப்போம். கிறிஸ்மஸுக்கு முறுக்கும் அதிரசமும் சுடும்போது எண்ணெயின் சூடு ஏறத்தாழ 180 டிகிரி செல்சியஸ் இருக்கும். பேச்சு வாக்கில் அடுப்பை மறந்தோமானால் எண்ணெய் புகைய ஆரம்பிக்கும்; 350 டிகிரியை ஒட்டி, தீக்குச்சி இல்லாமலே தானாகப் பற்றிக்கொள்ளும். தண்ணீரோ 100 டிகிரியிலேயே ஆவியாவது, எண்ணெயைவிடக் கனமானதும்கூட. எரியும் எண்ணெயில் ஊற்றிய தண்ணீர் அடியில் இறங்கி, நொடியில் ஆவியாகி, சுமார் 1,700 மடங்கு பெருத்து, எண்ணெயைத் துளித் துளியாக மேலே வீசியெறியும். அத்தனை துளிகளும் எரியும். ஒரு செம்புத் தண்ணீர் கூரைமுட்டும் தீப்பந்தை உண்டாக்குவது இப்படித்தான்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? எட்டுமானால் அடுப்பை அணைக்க வேண்டும். பெரிய மூடியையோ தாம்பாளத்தையோ பக்கவாட்டிலிருந்து சரித்து வாணலியை மூட வேண்டும். காற்றில்லாமல் தீ அடங்கும். உடனே திறந்து பார்த்தால் சூடான எண்ணெய் மீண்டும் பற்றும். முற்றிலும் ஆறும் வரை பொறுத்திருங்கள். எரியும் வாணலியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவது எல்லாவற்றிலும் கொடிய தவறு.

எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தவழ்ந்து நிற்கும். நாற்றம் தெரிந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். மின்விளக்கைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. அந்தச் சிறு பொறியே போதும். வெளியே வந்தபின் 1906 என்ற எண்ணை அழைக்கலாம்.

மூடியால் அடங்காத தீயோடு நாம் மல்லுக்கு நிற்கலாகாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் எழுந்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைப் பலிகொண்டது. கீற்றும் மூங்கிலும் தண்ணீருக்கு அடங்கும் 'ஏ' வகுப்புத்தான். ஆனால் காய்ந்த கூரையில் ஏறிய தீ குடத்துக்கும் வாளிக்கும் காத்திருப்பதில்லை. எல்லாரையும் வெளியேற்றி, 101-ஐ அழைப்பதே முதல் வேலை.

கை சுட்டுவிட்டால் இங்க், பற்பசை, தோசை மாவு எதுவும் வேண்டாம். குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் மூடி மருத்துவரிடம் செல்லுங்கள்.