சிக்னலில் ஏறும் முள்

போன மே மாதம், மதிய நேரப் பெருங்களத்தூர் நெரிசலில் டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. ஏசியை அணைத்தேன். வெக்கையைப் பொறுத்துக்கொண்டு ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட்டேன். என்ஜின் சூட்டில் ஒரு பங்கு அந்த வழியாகவும் வெளியேறும். வண்டலூர் தாண்டி வேகம் பிடித்ததும் முள் தானாக இறங்கியது.

அதுதான் துப்பு. ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும். நிற்கும்போது ஃபேனை விட்டால் கதியில்லை. நின்றால் சூடேறி ஓடினால் தணிகிற வண்டிக்கு முதலில் ஃபேனைப் பாருங்கள். நெடுஞ்சாலையிலும் மலையேற்றத்திலும் சூடானால் கூலன்ட் குறைவு, ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் என்று தேட வேண்டும். நான் காட்டிய மெக்கானிக் ரேடியேட்டரையே மாற்றச் சொன்னார். எப்போது சூடாகிறது என்று அவர் கேட்கவே இல்லை.

மறுநாள் காலை வீட்டு வாசலில் பானெட்டைத் திறந்துவைத்து வண்டியை ஐடிலில் விட்டேன். முள் பாதியைத் தாண்டியும் ஃபேன் சுற்றவில்லை. அணைத்துவிட்டு, ஃபேன் பிளக்கைக் கழற்றி, ஃபியூஸ் வைத்த ஒயரால் பேட்டரியிலிருந்து நேரடியாகக் கரண்ட் கொடுத்தேன். சீறிக்கொண்டு சுற்றியது. மோட்டாரில் குறையில்லை, பெட்டியிலிருந்த ஃபியூஸும் சரி. என் வண்டியில் ஹாரனுக்கும் ஃபேனுக்கும் ஒரே எண் ரிலே. இரண்டையும் இடம் மாற்றிச் செருகி மறுபடி சூடேற்றினேன். ஃபேன் ஓடியது, ஹாரன் ஊமையானது. புது ரிலேவுக்குச் சில நூறு ரூபாய்தான் ஆனது. சாவியை எடுத்த பிறகும் சில வண்டிகளில் ஃபேன் திடீரென்று சுற்றும்; அதன் பக்கம் கை போகுமுன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள்.

என்ஜின் நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்தபோதுதான் மனசு கனத்தது. உள்ளே செங்காவித் தண்ணீர். இரண்டு வருஷமாகக் குறையும்போதெல்லாம் போர் தண்ணீரை ஊற்றி வந்தது நான்தான். குளியலறைக் குழாயில் வெள்ளையாகப் படிகிற அதே உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். கூலன்ட்டில் இருக்கும் துருத்தடுப்பும் நீர்த்துப்போகும். வடித்து, டிஸ்டில்டு வாட்டர் நிரப்பி, ஓடவிட்டு, ஆறவைத்து, திரும்ப வடித்து, நான்காவது முறைதான் தெளிந்தது. பிறகு கூலன்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி. வடித்த கூலன்ட்டைத் தெருவில் விடாதீர்கள். இனிக்கும் விஷம் அது, நாய் நக்கினால் செத்துவிடும்.

சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் தொடவே கூடாது. 100 டிகிரி தாண்டியும் அழுத்தத்தில் அடங்கிக் கிடக்கும் தண்ணீர், மூடி தளர்ந்த கணமே கொதித்து முகத்தில் பீறிடும்.

வெயில் ஊருக்கு எதற்கு என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிபவர்கள் உண்டு. செய்யாதீர்கள், என்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் பெட்ரோலைக் குடிக்கும். சந்தேகம் இருந்தால் வெந்நீரில் போட்டுப் பாருங்கள். பெரும்பாலானவை 80 முதல் 90 டிகிரிக்குள் திறக்கும்.

ஆயில் மூடியின் உட்புறம் மோர் நிறத்தில் குழைந்திருந்து, சைலன்சரில் வெள்ளைப் புகையும் ஓயாவிட்டால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அதற்கு வீட்டு வாசல் போதாது. மறுபடி ஸ்டார்ட் செய்யாமல், கட்டி இழுத்தாவது பட்டறையில் சேர்த்துவிடுங்கள்.