செய்து கற்கும் கல்வி

நம்மில் பலர் வணிகத்தைப் புத்தகத்தில் படித்தவர்கள் அல்லர். தராசு பிடித்தும் பேரேடு எழுதியும், பிழை செய்து திருத்தியுமே தேறினோம். இன்று பள்ளிக்கூடமும் அவ்வழிக்கு வந்திருக்கிறது.

சிங்கப்பூரில், கணினிக்குக் கட்டளை எழுதும் 10 மணி நேரப் பயிற்சி 2020இல் தொடக்கப்பள்ளி மேல்வகுப்பு மாணவர் அனைவருக்கும் விரிவாக்கப்பட்டது. இத்தகைய பயிற்சிக்கு உதவும் கருவிகளுள் ஒன்று 'மைக்ரோபிட்'. 2016இல் பிரிட்டன் பள்ளி மாணவர்களுக்கு இலவசமாக வழங்கப்பட்டது இது. அகலம் 5 செ.மீ., உயரம் 4 செ.மீ.; முகப்பில் 25 சிறு விளக்குகள், இரண்டு பொத்தான்கள். சூட்டையும் அறியும்.

பிள்ளையிடம் இதைக் கொடுத்து, "நம் வெங்காயக் கிட்டங்கியின் சூட்டைக் காட்டு, பார்ப்போம்" என்று சொல்லுங்கள். இக்கருவி தன் சில்லின் சூட்டையே அளப்பதால் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும். வெப்பமானியுடன் ஒப்பிட்டு, வேறுபாட்டைக் கழிக்கும்படி பிள்ளையே கட்டளையைத் திருத்தும். கணக்கும் விஞ்ஞானமும் அன்று பாரமாயிரா.

முதல் முயற்சி தவறினால், "விளையாடியது போதும்" என்று கடிந்து கருவியைப் பிடுங்க வேண்டாம். நம் நிறுவை தப்பிய நாளில் மூத்தோர் நம்மிடம் காட்டிய பொறுமையை, நாமும் நம் பிள்ளைகளிடம் காட்டுவோமாக.