புதையல் பெட்டிக்குள் தண்ணீர் எப்படிப் போகிறது?

ஒரு சிறிய பெட்டியை ஒளித்து வைக்கப் பத்து நிமிடம் போதும். ஓராண்டு கழித்தும் அதனுள் இருக்கும் காகிதத்தில் எழுத முடிய வேண்டும் என்றால், வெப்பம், அழுத்தம், ஈரப்பதம் பற்றி அறிவியல் வகுப்பில் படித்ததெல்லாம் தேவைப்படும். ‘ஜியோகேஷிங்’ விளையாட்டில் பெட்டி வைப்பவர்கள் பலர் இதைத் தாமதமாகத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

விளையாட்டு எளிமையானது. ஒருவர் ஒரு பெட்டியைக் கண்ணில் படாதபடி ஓரிடத்தில் வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளை இணையத்தில் வெளியிடுகிறார். மற்றவர்கள் கைத்தொலைபேசியின் உதவியுடன் அங்கே வந்து, பெட்டியைத் தேடி எடுத்து, உள்ளே இருக்கும் பதிவேட்டில் பெயரையும் தேதியையும் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைக்கிறார்கள். சற்றுப் பெரிய பெட்டி என்றால் சின்னப் பொம்மைகளும் நாணயங்களும் இருக்கும். ஒன்றை எடுத்தால் அதற்கு ஈடான ஒன்றை வைக்க வேண்டும்.

இது தொடங்கியது 2000ஆம் ஆண்டு மே மாதம். பொதுமக்கள் பயன்படுத்தும் ஜிபிஎஸ் சமிக்ஞையில் அதுவரை வேண்டுமென்றே பிழை கலந்து அனுப்பிவந்த அமெரிக்க அரசாங்கம், அந்த வழக்கத்தை நிறுத்தியது. நூறு மீட்டர் வரை தவறாகக் காட்டிய கருவிகள், ஒரே இரவில் பத்து இருபது மீட்டருக்குள் இடத்தைக் காட்டத் தொடங்கின. மே 3ஆம் தேதி, ஒரேகன் மாநிலத்தின் பீவர்கிரீக் ஊருக்கு அருகே டேவ் உல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியை வைத்து, அதன் ஆயத்தொலைவுகளை இணையத்தில் அறிவித்தார். வாளிக்குள் புத்தகம், கணினி மென்பொருள், கவண் ஆகியவற்றோடு ஒரு டின் பீன்ஸும் இருந்தது. மூன்றே நாளில் இருவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். (இன்றைய விதிகளின்படி அந்த பீன்ஸ் டின்னுக்கு அனுமதி கிடைக்காது. உணவின் வாசனைக்கு எறும்பும் எலியும் வரும். நம் ஊரில் குரங்கும் வரும்.)

அதே மாதம் 11ஆம் தேதி கான்சஸ் மாநிலத்தில் மிங்கோ என்ற இடத்தில் வைக்கப்பட்டது, இன்றும் இயங்கிவரும் மிகப் பழைய புதையல். எந்தப் பெட்டியும் தானாக அவ்வளவு காலம் தாங்காது. யாராவது போய்ப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதிலும் மிங்கோ இருப்பது மழை குறைந்த சமவெளி. சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. ஏறத்தாழ 170 நாள்கள் மழை நாள்கள். மலேசியாவின் பெரும்பகுதியும் இப்படித்தான்.

பெட்டியும் மூச்சு விடும்

பெட்டியை நனைப்பது மழை மட்டும் அல்ல. மழைக்கு முன்பு அடித்த வெயிலுக்கும் அதில் பங்கு உண்டு.

ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள பெட்டியை எடுத்துக்கொள்வோம். நண்பகலில் உள்ளே இருக்கும் காற்றின் வெப்பநிலை 34 பாகை செல்சியஸ். பிற்பகலில் இடியுடன் மழை கொட்டுகிறது. வெப்பநிலை 24 பாகைக்கு இறங்குகிறது. கெல்வின் அளவில் 307இலிருந்து 297க்கு. மூடிய பெட்டியின் கன அளவு மாறாது என்பதால், உள்ளே அழுத்தம் கெல்வின் வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் குறையும். 307இல் 10 பங்கு, அதாவது சுமார் 3.3 விழுக்காடு. வளிமண்டல அழுத்தம் ஏறத்தாழ 101 கிலோபாஸ்கல். ஆகவே குறைவது 3.3 கிலோபாஸ்கல். கேட்கச் சிறியதாகத் தோன்றும். ஆனால் 33 சென்டிமீட்டர் நீளமுள்ள உறிஞ்சுகுழலில் தண்ணீரை மேலே ஏற்ற அந்த அழுத்த வேறுபாடு போதும். மூடியில் முடி அளவு இடைவெளி இருந்தாலும், வெளியே இருப்பது அதன் வழியாக உள்ளே தள்ளப்படும்.

வெளியே இருப்பது எது என்பதுதான் கேள்வி. காற்றாக இருந்தால் சுமார் 33 மில்லிலிட்டர் காற்று உள்ளே போகும். 30 பாகை வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 24 மில்லிகிராம் நீராவி இருக்கும். ஆக, 33 மில்லிலிட்டர் காற்று கொண்டுவரும் நீர் ஒரு மில்லிகிராமைக்கூட எட்டாது. ஆனால் மூடியின் விளிம்பில் மழைநீர் தேங்கியிருந்தால் காற்றுக்குப் பதில் தண்ணீரே உள்ளே போகும். அதிகபட்சம் 33 மில்லிலிட்டர், அதாவது இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல். எடையை ஒப்பிட்டால் ஏறத்தாழ நாற்பதாயிரம் மடங்கு வேறுபாடு!

ஆகவே எவ்வளவு விலை உயர்ந்த பெட்டி என்பதைவிட, அதன் மூடி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது முக்கியம். வாயைக் கீழ்நோக்கித் தொங்கவிட்ட மலிவான போத்தல், பள்ளத்தில் நிமிர்த்தி வைத்த தரமான பெட்டியைவிட நீண்ட நாள் உலர்ந்திருக்கும். மூடியைச் சுற்றி வாய்க்கால் போலக் குழிந்த விளிம்பு உள்ள பெட்டிகள் நம் பருவநிலைக்கு ஏற்றவை அல்ல என்பது என் கருத்து. தண்ணீர் தேங்க அவை இடம் அமைத்துக் கொடுக்கின்றன.

வாங்கிய பெட்டியை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். உலர்ந்த மெல்லிழைத்தாளை உள்ளே வைத்து மூடுங்கள். சுமார் 50 பாகை சூடான நீரில் அமிழ்த்தி வையுங்கள். உள்ளே காற்று விரியும். எங்காவது குமிழி வந்தால் அதுதான் ஓட்டை. பத்து நிமிடம் கழித்து, உணவுச் சாயம் கலந்த பனிக்கட்டி நீருக்கு மாற்றி மீண்டும் அமிழ்த்துங்கள். பின்னர் வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். 50இலிருந்து 10 பாகைக்கு இறங்கினால் அழுத்தம் சுமார் 12 விழுக்காடு குறையும். இதைத் தாங்கிய பெட்டிக்குப் பிற்பகல் மழை பெரிய விஷயம் அல்ல.

சமையலறையில் பயன்படுத்தும், நான்கு பக்கமும் கொக்கியும் சிலிக்கோன் வளையமும் உள்ள பெட்டிகள் பெரும்பாலும் இதில் தேறிவிடும். அவற்றின் பலவீனம் கொக்கிகள்தான். வெயிலின் புறஊதாக் கதிர்கள் பாலிபுரோப்பிலீனின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அறுத்து, பிளாஸ்டிக்கை நொறுங்கச் செய்யும். அடிக்கடி மடங்கும் கொக்கி முதலில் உடையும். நிழலில் வைத்தால் இது தள்ளிப்போகும். சிறிய பெட்டி போதும் என்றால், பானப் போத்தலாக ஊதிப் பெருக்குவதற்கு முந்தைய நிலையில் சோதனைக்குழாய் போல இருக்கும் தடித்த பெட் குழாய்களைப் பலர் விரும்புகிறார்கள். திருகு மூடி, உடையாத உடல், விலையும் குறைவு.

சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவு நீரை அது பிடித்துவைக்கும் என்று கொள்வோம். 5 கிராம் பொட்டலம் ஏறத்தாழ ஒன்றரை கிராம் நீரோடு நிறைந்துவிடும். வருகையாளர் ஒருவர் பெட்டியைத் திறந்து மூடும்போது உள்ளே இருக்கும் ஒரு லிட்டர் காற்றும் மாறிவிடும். அதனுடன் வரும் நீராவி 24 மில்லிகிராம். அப்படி அறுபது முறை திறக்கலாம். ஆனால் சொட்டும் ஒரு நீர்த்துளியே ஏறத்தாழ 50 மில்லிகிராம். நனைந்த தலையோடு குனிந்து எழுதும் ஒருவரிடமிருந்து முப்பது துளி விழுந்தால் பொட்டலத்தின் வேலை முடிந்துவிடும். பதிவேட்டைப் போட்டுவைக்கும் ‘ஸிப்’ பையும் அப்படித்தான். நல்ல நிலையில் இருந்தால் காக்கும். ஓரம் கிழிந்துவிட்டால் ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கும். அதை அடிக்கடி மாற்ற வேண்டும். உள்ளே பென்சில் வையுங்கள். பென்சிலின் கிராஃபைட் நீரில் கரையாது. ஜெல் பேனாவின் மை கரைந்து பரவும்.

பெட்டி நனைந்தால் என்ன பெரிய இழப்பு, ஒரு காகிதம்தானே என்று தோன்றலாம். நம் வட்டாரத்தில் அதோடு முடிவதில்லை. மூடி உடைந்து தண்ணீர் தேங்கிய பெட்டி, ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில். முட்டை முழுக் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். மற்றவர் கண்ணில் படாத இடம் என்பதால், துப்புரவாளரும் சோதனைக்கு வரும் அதிகாரியும் அதைக் காண்பது கடினம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 2011இல் இங்கிலாந்தின் வெதர்பி நகரில், உணவகம் ஒன்றின் அருகே ஒருவர் பெட்டியை மறைப்பதைப் பார்த்தவர்கள் காவல்துறையை அழைத்தார்கள். தெரு மூடப்பட்டது, ராணுவ வெடிகுண்டு நிபுணர்கள் வந்து அதை வெடிக்கச் செய்தார்கள். அது ஒரு ஜியோகேஷிங் பெட்டி. வெளியிலிருந்து உள்ளே பார்க்கக்கூடிய பெட்டியைத் தேர்ந்தெடுப்பதும், மேலே இது என்ன என்று தெளிவாக எழுதி ஒட்டுவதும், இடத்துக்குப் பொறுப்பானவரிடம் முன்கூட்டியே அனுமதி பெறுவதும் இதனால்தான். எம்ஆர்டி நிலையம், பள்ளி வாசல் பக்கம் போகவே வேண்டாம். இயற்கை வனப்பகுதியில் நடைபாதையை விட்டு இறங்கித் தேட வேண்டிய இடமும் கூடாது. இடத்துக்குப் பொறுப்பானவரின் வெளிப்படையான அனுமதி இல்லாமல் மண்ணைத் தோண்டிப் புதைப்பதை விளையாட்டின் விதிகளே தடுக்கின்றன. ஏற்கெனவே இருக்கும் பெட்டிக்கும் உங்கள் பெட்டிக்கும் குறைந்தது 161 மீட்டர் இடைவெளி தேவை.

ஆயத்தொலைவு அளப்பதில் ஒரு நுணுக்கம். நிமிடத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது தரையில் சுமார் 1.85 மீட்டர். பூமத்திய ரேகைக்கு அருகே இருப்பதால் நமக்கு அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டுக்கும் இதே கணக்கு. 45ஆவது பாகையில் இருக்கும் ஒரேகனில் தீர்க்கரேகைக்கு 1.3 மீட்டர்தான். மரத்தடியிலும் உயர்ந்த புளோக்குகளுக்கு நடுவிலும் சமிக்ஞை எதிரொலித்து வந்து இடத்தைத் தள்ளிக் காட்டும். பல முறை அளந்து சராசரி எடுக்க வேண்டும். மறுநாள் அதே நேரத்தில் அளந்தால் பயன் குறைவு. துணைக்கோள்கள் ஏறத்தாழ 12 மணி நேரத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றுவதால், நேற்றைய அதே அமைப்பில்தான் வானத்தில் இருக்கும். வேறு நேரத்தில் போங்கள்.

சொந்தக்காரர் யார்?

பெட்டி வைத்தவரே அதற்குப் பொறுப்பு. தேடியவர்கள் இணையத்தில் எழுதும் குறிப்புகளை அவர் படிக்க வேண்டும். ‘பதிவேடு ஈரமாக உள்ளது’ என்று ஒருவர் எழுதினால் போய்ப் பார்க்க வேண்டும். உடனே முடியாவிட்டால் பெட்டியைத் தற்காலிகமாக முடக்கி வைக்கலாம். பொதுவாக நான்கு வாரத்துக்குமேல் அப்படி விடக்கூடாது. பழுதைக் கவனிக்காமலே விட்டால், தொண்டூழியராக இருக்கும் மேற்பார்வையாளர் அந்தப் பக்கத்தை மூடிவிடுவார். பக்கம் மூடப்பட்டாலும் பெட்டி அங்கேயேதான் கிடக்கும். அதை எடுத்து வருவதும் சொந்தக்காரரின் வேலையே.

தேடிக் கிடைக்காதபோது, ‘தொலைந்திருக்கும்’ என்று தாங்களாகவே புதுப் பெட்டி ஒன்றைப் போட்டுவிட்டு, கண்டுபிடித்ததாகப் பதிவு செய்பவர்கள் உண்டு. உதவி போலத் தெரியும் இது உண்மையில் தொல்லை. பழையது பெரும்பாலும் அங்கேயே இருக்கும். ஓரிடத்தில் மூன்று பெட்டிகள் சேர்ந்துவிட்டால், பின்னால் வருபவருக்கு எது சரியானது என்று தெரியாது. இரண்டு பெட்டிகளுக்குப் பொறுப்பாளரே இருக்க மாட்டார்.

உங்கள் வயதினருக்கு இன்னொரு கேள்வி எழும். உயர்நிலைப் பள்ளியில் வைத்த பெட்டியை, தேசிய சேவைக்கோ வேறு மாநிலப் பல்கலைக்கழகத்துக்கோ போகும்போது என்ன செய்வது? இரண்டு வழிகள் உண்டு. பெட்டியை எடுத்துவிட்டுப் பக்கத்தை மூடிவிடலாம். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அல்லது வேறொருவருக்குத் தத்துக் கொடுக்கலாம். பழைய சொந்தக்காரர் இணையத்தளத்தில் மாற்றக் கோரிக்கையைத் தொடங்க, புதியவர் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். பெட்டியின் குறியீட்டு எண்ணும் அதுவரை வந்த பதிவுகளும் அப்படியே தொடரும். பழையவர் இணங்காமல் யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. அவர் பதிலே தரவில்லை என்றால், மேற்பார்வையாளர் பக்கத்தை மூடும்வரை காத்திருந்து, அனுமதி பெற்றுப் புதிதாக ஒன்றை வைக்கலாம்.

தத்தெடுப்பவருக்குப் பெட்டியோடு அதன் குறைகளும் வந்து சேரும். நிலத்துக்குப் பொறுப்பானவரின் அனுமதி இன்னும் செல்லுமா, பக்கத்தில் கட்டுமான வேலை தொடங்கியிருக்கிறதா, சிலிக்கோன் வளையம் வெடித்திருக்கிறதா என்றெல்லாம் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய பதிவேடு நிறைந்திருந்தால் படம் எடுத்து வைத்துவிட்டுப் புதியதை வையுங்கள். எல்லாவற்றுக்கும் முன், ‘ஏற்கிறேன்’ என்ற பொத்தானை அழுத்துமுன், பெற்றோரையோ ஆசிரியரையோ அழைத்துக்கொண்டு நேரில் போய்ப் பெட்டியைத் திறந்து பாருங்கள். முடிந்தால் பலத்த மழை பெய்த மறுநாள் போங்கள்.