கொலுப்படியில் ஒரு சர்வோ

டெக்சாஸின் சுகர் லேண்டில் நவராத்திரி என்றால் ஒரே மாலையில் நாலு வீட்டிலிருந்து தாம்பூலத்துக்கு அழைப்பு வரும். எங்கள் கொலுவுக்கு வரும் குழந்தைகள் சோபாவில் உட்கார்ந்தபடியே கிருஷ்ணன் தொட்டிலை ஆட்ட வேண்டும் என்று என் மகளுக்கு ஆசை. படியிலிருந்து சோபாவுக்கு ஒயர் இழுத்தால் யாராவது தடுக்கி விழுவார்கள். அதனால் ரேடியோ.

தொட்டிலுக்கு 9 கிராம் எடையுள்ள எஸ்ஜி90 சர்வோ மோட்டார் போதும். 20 மில்லி விநாடிக்கு ஒரு துடிப்பு, அது 1.5 மில்லி விநாடி நீண்டால் சர்வோவின் கை நடுவில் நிற்கும், 1 ஆகக் குறைந்தால் ஒரு பக்கம், 2 ஆகக் கூடினால் மறுபக்கம். அந்தத் துடிப்பை ரேடியோவில் அனுப்பத் தேவையில்லை. கோணத்தை ஓர் எண்ணாக அனுப்பினால் வாங்கும் பக்கத்து ஆர்டுயினோ நானோ துடிப்பை உண்டாக்கிக்கொள்ளும்.

முதலில் மலிவான 433 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ ஜோடியை எடுத்தேன். அதற்கான வர்ச்சுவல்ஒயர் நிரல், சர்வோ நிரல் இரண்டுமே நானோவின் டைமர் 1-ஐக் கேட்கும். சேர்ந்து ஓடாது. சர்வோடைமர்2 நிரலுக்கு மாறினால் தீரும். ஆனால் நான் என்ஆர்எஃப்24 ரேடியோவுக்கு மாறினேன்.

மேசை மேல் அருமையாக ஓடியது. படியில் ஏற்றித் தொட்டிலை மாட்டியதும் வெட்டி வெட்டி இழுத்தது. "அப்பா, வைஃபைதான் குறுக்கே வருது" என்றாள் மகள். எனக்கும் அதே எண்ணம். இரண்டு நாள் சானல் மாற்றி மாற்றிப் பார்த்தோம். பலனில்லை. சொல்லப்போனால், நாங்கள் தொடங்கிய 76-ஆம் சானல் 2.476 கிகாஹெர்ட்ஸ். இங்கே வீடுகளில் ஓடும் வைஃபையின் 11-ஆம் சானல் அதற்குக் கீழேயே முடிந்துவிடுகிறது.

மூன்றாம் நாள் விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. ஒவ்வொரு வெட்டுக்கும் நானோவின் சின்ன எல்இடி படபடவென்று மின்னியது. போர்டு ரீசெட் ஆகி மறுபடி தொடங்குவதன் அடையாளம் அது. கனம் ஏறினால் இத்தனூண்டு சர்வோ அரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும், மின்னழுத்தம் சரியும், அதே மின்சாரத்தில் ஓடும் நானோவும் ரேடியோவும் சேர்ந்து படுத்துவிடும். ரேடியோவில் கோளாறே இல்லை.

சார்ஜ் ஏற்றும் ஏஏ பேட்டரி நான்கை, 4.8 வோல்ட், சர்வோவுக்கு மட்டும் கொடுத்தேன். அப்போதும் கை நடுங்கியது. பேட்டரியின் மைனஸை நானோவின் கிரவுண்டோடு சேர்க்க மறந்திருந்தேன், சேர்த்ததும் நின்றது. சர்வோவின் மின்கம்பிகளுக்குக் குறுக்கே 470 மைக்ரோஃபாரட் கெபாசிடர் ஒன்று, ரேடியோவின் கால்களை ஒட்டி 10 மைக்ரோஃபாரட் ஒன்று. இந்த ரேடியோவுக்கு 3.3 வோல்ட்தான், 5 கொடுத்தால் போய்விடும்.

நிரலில் ஒரு விஷயத்தை விட்டுவிடாதீர்கள். விநாடிக்கு 20 முறை கோணத்தை அனுப்புங்கள். அரை விநாடி எதுவும் வராவிட்டால் கை தானே நடுவுக்கு வரட்டும். ஒரு குழந்தை ரிமோட்டை அணைத்துவிட்டு ஓடியபோது தொட்டில் சாய்ந்து நிற்காமல் நேரானது இதனால்தான்.

உங்கள் சர்வோ துள்ளினால் ரேடியோவைப் பிரிக்கும் முன் சர்வோவுக்குத் தனி பேட்டரி கொடுத்துப் பாருங்கள். எங்கள் தொட்டில் சரஸ்வதி பூஜை வரை ஒருமுறைகூட வெட்டாமல் ஆடியது.