வாட்ஸ்அப்பில் வந்த வேலை ஆர்டர் உண்மைதானா?

பிள்ளை டிகிரி முடித்த கையோடு, "நீங்கள் செலக்ட் ஆகிவிட்டீர்கள்" என்று செல்போனில் ஒரு கடிதம் வருகிறது. பணம் எதுவும் கட்டுவதற்கு முன், பக்கத்தில் உட்கார்ந்து இவற்றைப் பாருங்கள்.

1. கடிதத்தில் உள்ள மெயில் முகவரியில் '@'-க்குப் பின்னால் இருப்பதைப் பிள்ளையை எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லுங்கள். கம்பெனி பெயருக்கு நடுவே ஒரு சின்னக் கோடு, கூடுதலாக ஓர் எழுத்து இருந்தாலும் அது வேறு ஆளுடைய முகவரி. அவசரத்தில் கண் அதைத் தாண்டிப் போய்விடும். அதனால்தான் எழுத்துக்கூட்டச் சொல்கிறேன்.

2. கடிதத்தில் உள்ள எண்ணுக்குப் பேசாதீர்கள். கம்பெனியின் தளத்தை நீங்களே தேடி, அங்குள்ள எண்ணில் கேளுங்கள். மோசடிக்காரர் கொடுத்த எண்ணை எடுப்பவரும் அவருடைய ஆள்தான்.

3. டெபாசிட், யூனிஃபார்ம் கட்டணம் என்று கேட்டால் அத்தோடு நிறுத்துங்கள். சம்பளம் தரப்போகிறவர் பணம் கேட்க மாட்டார்.

4. பணம் போய்விட்டதா? பிள்ளையைத் திட்டாமல் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை முடக்கிவைக்க வாய்ப்புண்டு. திட்டுக்குப் பயந்துதான் பல பிள்ளைகள் மறைக்கிறார்கள்.

5. அடுத்து உண்மையான வேலைக்கு விண்ணப்பிக்கும் முன், பிள்ளையின் லிங்க்ட்இன் பக்கத்தையும் பாருங்கள். பெயரும் இனிஷியலும் சான்றிதழில் உள்ளபடியே இருக்கட்டும். சரிபார்ப்பில் இரண்டையும் ஒப்பிடக்கூடும். செய்த புராஜெக்டை மட்டும் எழுதட்டும். "எக்ஸெல் நிபுணர்" என்று போட்டால், இன்டர்வியூவில் ஒரு ஷீட்டைத் திறந்து முன்னால் வைப்பார்கள்.